அரைக் கரண்டி சீனியும் நூறு கிராம் அரிசியும்

இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்றுக்கொன்று சொந்தமான ஐந்தை எடுத்திருக்கிறேன். எல்லாமே சின்ன வித்தியாசங்கள் பற்றியவை.

கல்முனையிலிருந்து ஒரு வாசகி: கடையில் கட்டி வைத்திருந்த 5 கிலோ அரிசிப் பையை வீட்டில் நிறுத்தால் 100 கிராம் குறைவு. தூக்கி வரும்போது தெரியவே இல்லை. ஆனால் 100 கிராம் மிளகாய்த்தூள் பக்கெட்டில் 10 கிராம் குறைந்தது கையில் எடுத்ததுமே தெரிந்தது. பத்து மடங்கு பெரிய குறை எப்படித் தப்பியது?

கைக்குக் கிராம் கணக்குத் தெரியாது, பங்குக் கணக்குத்தான் தெரியும். அரிசியில் குறைந்தது ஐம்பதில் ஒரு பங்கு, தூளில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் படிப்பித்த ஏர்ன்ஸ்ட் வேபர் 1834இல் இதைத்தான் எழுதி வைத்தார். இரண்டு எடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கு வித்தியாசம் இருந்தால் பிடிபட்டது. பின்னால் அளந்தவர்கள் ஐம்பதில் ஒன்று வரை சொல்கிறார்கள். ஆகவே உங்கள் அரிசிப் பை சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதுகூட, சரியான பை ஒன்றையும் பக்கத்தில் வைத்து மாறி மாறித் தூக்கினால்தான். நீங்களோ போன மாதத்துப் பையின் ஞாபகத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஞாபகம் நல்ல தராசு இல்லை.

சந்தையில் மரக்கறி வாங்குகிற பெண்கள் பூசணித் துண்டைக் கையில் வைத்து மெதுவாக மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது சும்மா பழக்கம் இல்லை. கையை அசையாமல் வைத்து அதன்மேல் பொருளை வைப்பதை விட, தூக்கிப் பார்க்கும்போது வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியும் என்பதையும் வேபரே கண்டிருந்தார். கண்ணையும் நம்ப வேண்டாம். ஒரே எடையுள்ள இரண்டு பொதிகளில் சின்னப் பொதிதான் பாரமாகத் தோன்றும். எடை ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் அப்படியே தோன்றும். கடைக்காரரோடு பேசப் போகும்போது தராசோடு போங்கள்.

ஏறாவூர்: கரண்ட் போன இரவில் இரண்டாவது மெழுகுதிரியை ஏற்றினால் வீடே வெளிச்சமாகிறது. லைட் எரியும்போது ஏற்றினால் ஒன்றும் தெரியவில்லை. ஏன்?

மேலே சொன்ன அதே பங்குக் கணக்கு. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இரட்டிப்பு. ரியூப் லைட்டோடு சேரும் ஒரு மெழுகுதிரி கணக்கிலேயே வராது.

மட்டக்களப்பு நகரிலிருந்து ஒரு மருமகள்: மாமிக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணியில் வழமையான இரண்டு கரண்டியில் அரைக் கரண்டி குறைத்தாலே கண்டுபிடித்துவிடுகிறார். உண்மையாகவே தெரிகிறதா, அல்லது என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா?

தங்கச்சி, மாமி பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டில் அரை என்பது காற்பங்கு. நாக்கு கையை விட மந்தம்தான், இனிப்பில் அதற்குப் பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ மாற வேண்டும். ஆனாலும் காற்பங்கு தாராளமாகத் தெரியும்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் ஒரே அளவு சீனி, ஒன்றில் மட்டும் வேறு. "எது வேறு?" என்று மட்டும் கேளுங்கள், "எதில் சீனி குறைவு?" என்று கேட்க வேண்டாம். கோப்பைகள் ஒரே மாதிரி, சூடும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சூட்டோடு இனிப்பும் கொஞ்சம் மாறித் தெரியும். ஊற்றியவர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, உங்கள் முகம்தான் சந்தேகத்துக்குரியது அல்லவா! குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வரும். ஆகவே ஆறு தடவை செய்யுங்கள், ஒரே நாளில் வேண்டாம். ஐந்து தடவையாவது சரியாகச் சொன்னால் மாமிக்கு உண்மையிலேயே தெரிகிறது. வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புக்கூட இல்லை. நாலு சரி என்றால் அவசரப்பட வேண்டாம், அதிர்ஷ்டத்திலேயே பத்தில் ஒரு தடவை அவ்வளவு வந்துவிடும்.

குறைப்பதற்கு வழி: கரண்டி கணக்கை விட்டுவிட்டு, முழுக் கேத்தலுக்கும் போடும் சீனியில் பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவான அளவை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு கிழமை பழகட்டும். மறுகா அடுத்த படி. மாமியிடம் சொல்லிவிட்டே செய்யலாம், சொன்னாலும் நாக்குக்குத் தெரியாது.

மருதமுனைக் கைத்தறிக்காரர்: சேர், இரண்டு தடவையாகச் சாயம் போட்ட நூல். கடை வெளிச்சத்தில் ஒரே பச்சை. வெயிலில் கொண்டுபோனால் சாறியின் நடுவில் கோடு போட்ட மாதிரி இருக்கிறது.

இந்த வேதனை எனக்கும் தெரியும். ஒரு தடவை இரவில் கடை வெளிச்சத்தில் திரைச்சீலைக்குத் துணி போதாமல் இன்னும் இரண்டு யார் வாங்கி வந்து, விடிந்த பிறகு தலையில் கை வைத்தேன்.

இரண்டு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் கண்ணுக்கு ஒன்றாகவும் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியலாம். சாயக் கலவை மாறியிருந்தால் அவை ஒளியைத் திருப்பி அனுப்பும் விதமும் மாறுகிறது. கண்ணில் நிறம் பிரிப்பவை மூன்று வகைக் கலங்கள்தான், அந்த மூன்றும் தற்செயலாக ஒத்துப்போனால் ஒரே நிறம் என்று சொல்லிவிடும். அத்தோடு, எல்லா நிறத்திலும் கண் ஒரே கூர்மையாக இல்லை. 1942இல் மக்ஆடம் என்பவர் ஒரே ஒரு பார்வையாளரை வைத்து ஆயிரக்கணக்கான தடவை அளந்து காட்டினார்: நிறங்களை இடம் குறித்துக் காட்டும் வரைபடத்தில் பச்சைப் பக்கம் கணிசமாக நகர்ந்தாலும் தெரியாது, நீலப் பக்கம் இம்மி அசைந்தாலே தெரிந்துவிடும். அந்த வரைபடத்தின் அளவுக்கோல் மனிதர் வகுத்தது, கண்ணின் அளவுக்கோல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நூலைத் தறியில் ஏற்றமுன் இரண்டையும் அட்டையில் நெருக்கிச் சுற்றி, ஓரங்கள் முட்டும்படி வையுங்கள். நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டாலே வித்தியாசம் மறைந்துபோகும். பகலில், நேர் வெயில் படாத விறாந்தையில் ஒரு தடவை, லைட்டின் கீழ் ஒரு தடவை பாருங்கள். இரண்டிலும் ஓரம் தெரியாவிட்டால் நெய்யலாம்.

கல்லடி: பௌர்ணமி இரவில் வாவியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையில் காது வைத்தோம். எனக்குப் பாடுமீன் என்கிற அந்தத் தண்ணீருக்கடிச் சத்தம் கேட்டது, நண்பனுக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் காது பிழையா?

அவசரப்படாதீர்கள். மெல்லிய சத்தம் விஷயத்தில் இரண்டு காரியம் கலந்திருக்கிறது: காதின் கூர்மை ஒன்று, "கேட்கிறது" என்று சொல்லத் துணிவது இன்னொன்று. 1950களில் ரேடார் வேலைகளை ஒட்டி வளர்ந்த ஆய்வுகள் இந்த இரண்டையும் பிரித்து அளக்கக் கற்றுத் தந்தன. பாடுமீன் கேட்க என்றே போனவர் சும்மா தண்ணீர்ச் சலசலப்புக்கும் தலையாட்டுவார்.

அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு காது வையுங்கள். தோணிக்காரர் ஒவ்வொரு தடவையும் துடுப்பைத் தூக்கி இறக்கட்டும், ஆனால் இருபதில் பத்துத் தடவை முனை தண்ணீரைத் தொடாமலே நிற்கட்டும். தண்ணீரில் இருந்த பத்தில் ஒன்பதுக்கும், வெளியே இருந்த பத்தில் எட்டுக்கும் நீங்கள் "கேட்கிறது" என்கிறீர்கள் என்று வையுங்கள். நண்பனோ துடுப்பு தண்ணீரில் இருந்தபோது நாலு தடவையும், அது வெளியே இருந்தபோது ஒரு தடவைகூட இல்லாமலும் சொல்கிறான். அப்போது நல்ல காது அவனுடையதுதான். பாலத்தில் வாகனம் ஓயும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.