ஏர் ரைஃபிளின் மரக்கட்டையை அறுத்துக் குட்டையாக்கலாமா?

13 வயது மகளுக்கு, தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை நீளம், அறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறுக்கலாம், ஆனால் ரம்பத்தை எடுக்குமுன் அளந்து பாருங்கள்.

முதலில் குண்டு இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்யுங்கள். அப்புறம் மகள் முழங்கையை 90 டிகிரி மடக்கட்டும். கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கணு டிரிகரைத் தொட வேண்டும். எட்டாத தூரம்தான் குறைக்க வேண்டிய அளவு. தோராயக் கணக்குதான், ஆனாலும் போதும்.

குழலும் இயந்திரமும் உள்ள இரும்புப் பகுதியைக் கழற்றிவிட்டு, கட்டையை மட்டும் பின்முனையில் அறுங்கள். வெட்டுமிடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பொடிப்பல் ரம்பம் பிடித்தால் விளிம்பு சிலும்பாது. ஒரேயடியாக வேண்டாம், 1 செ.மீ. குறைத்துவிட்டு, பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். பிள்ளை வளர்ந்ததும் நீள ஸ்க்ரூ போட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். புது வெட்டுமுகம் ஈரத்தை மடமடவென்று உறிஞ்சும். உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெயை மூன்று நான்கு தடவை பூசிக் காயவிடுங்கள். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானே தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயப்போடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூக்களை நன்றாக இறுக்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அவை தளர்ந்தால் குறி அலைபாயும், பழி கட்டைமேல் விழும்.