மரத்தால் 18 மாடிப் பல்கலைக்கழகக் கட்டடம் கட்டினால் தீப்பிடிக்காதா?

நீங்கள் கட்டடக்கலை மாணவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தீயைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீரையும் பசையையும் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது.

கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிராக் காமன்ஸ் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மாடி, 404 மாணவர்கள், 2017இல் திறந்தது. 'முழுக்க மரம்' என்று செய்தி போடுகிறவர்களைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. தரைத்தளமும், லிஃப்ட்டும் படிக்கட்டும் இருக்கும் இரண்டு கோர்களும் (கட்டடத்தின் உள்ளே அடி முதல் நுனி வரை நிற்கும் தண்டுகள்) கான்கிரீட். காற்றையும் நிலநடுக்கத்தையும் தாங்குவது அந்தக் கோர்கள்தான். இதைச் சொன்னால் மரத்துக்கு எதிரி என்று சண்டைக்கு வருவார்கள். நான் மரத்தின் பக்கம்தான்.

மேல் 17 மாடிகளில் உத்திரமே கிடையாது. 2.85க்கு 4 மீட்டர் இடைவெளியில் தூண்கள், அவற்றின் தலையில் நேரடியாக 169 மி.மீ. கனத்தில் ஐந்தடுக்கு சிஎல்டி பலகை, அதாவது மரச்சட்டங்களை அடுக்குக்கு அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பசையால் ஒட்டியது. தூணைப் பலகைமேல் நிறுத்தினால் மேல்மாடிகளின் எடை மொத்தமும் பலகையின் மரநார்களைக் குறுக்காக நசுக்கிவிடும். அதனால் தூண் முனைகளில் எஃகுக் குழாய்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகி உட்காரும். சுமை தூணிலிருந்து தூணுக்கே இறங்கும். மரத்தூண் நாளடைவில் குட்டையாகும், கான்கிரீட் கோர் அதே அளவு குறையாது. அதை ஈடுகட்டச் சில மாடிகளில் தூணுக்கடியில் மெல்லிய எஃகுத் தகடுகள் வைத்தார்கள்.

தீக்கு வருகிறேன். கனமான மென்மரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. கருகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். அங்கே அதை மட்டும் நம்பாமல் பல அடுக்கு ஜிப்சம் பலகையால் மூடி, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரும் போட்டார்கள்.

இனித் தண்ணீர். ஆலையை விட்டு வரும்போது சிஎல்டி பலகையின் ஈரப்பதம் 12 சதவீதம் வாக்கில் இருக்கும். மழைநீர் மூட்டிலும், குழாய்க்காக வெட்டிய துளையிலும் தேங்கும்; வெட்டுமுனை அதை உறிஞ்சும். ஈரம் காயுமுன் ஜிப்சம் அடித்தால் உள்ளே பூஞ்சைதான். அதனால்தான் 2016 கோடையில், மழை குறைந்த மாதங்களில் அடுக்கினார்கள். மாடி ஏற ஏற வெளிச்சுவர்ப் பேனல்களும் பின்னாலேயே ஏறின.

பசை விஷயத்துக்கு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீவி ஹால். 2018 மார்ச்சில், கட்டிக்கொண்டிருக்கும்போதே சிஎல்டி தளப் பலகையின் அடுக்குகள் பிரிந்து கீழ்மாடியில் விழுந்தன. ஒட்டுவதற்கு முன் மரத்தைச் சூடாக்கியதால், அழுத்தம் கொடுக்குமுன்பே பசை இறுகியிருந்தது. பலகை வாங்கும்போது ஒட்டிய நேரத்து மர வெப்பநிலை, பசை பூசியதிலிருந்து அழுத்தும்வரை ஆன நேரம், அடுக்குப்பிரிவுச் சோதனை முடிவு மூன்றையும் ஒவ்வொரு தொகுதிக்கும் எழுத்தில் கேளுங்கள்.