கலிபோர்னியாவில் காண்ட்ராக்டரிடம் லைசென்ஸ் இருந்தால் போதுமா?

கேள்வி: கலிபோர்னியாவில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்ட ஒருவர் மற்றவர்களைவிட மூவாயிரம் டாலர் குறைத்துக் கேட்கிறார். லைசென்ஸ் இருக்கிறது என்கிறார். நம்பிக் கொடுக்கலாமா?

லைசென்ஸ் இருக்கிறது என்பது சரி, எதற்கான லைசென்ஸ் என்று பார்த்தீர்களா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெயிண்டர்.

எங்களுடையது சான் ஹோசே பக்கம் 1970களில் கட்டிய மாடி வீடு. மாடிக் குளியலறையிலிருந்து நீர் கசிந்து, கீழே சமையலறைக் கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. தெரிந்தவர் சொல்லி ஒருவர் வந்தார். கூடவே இரண்டு பையன்கள். ஷவரைத் தட்டிப் பார்த்தார், டேப் பிடித்து அளந்தார். 14,000 டாலர், அதில் 5,000 அட்வான்ஸ், பத்து நாளில் முடித்துவிடலாம் என்றார். விசிட்டிங் கார்டில் லைசென்ஸ் எண்ணும் இருந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அன்று இரவு என் மனைவிதான் அந்த எண்ணைப் போனில் தட்டினாள். இங்கே காண்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது சி.எஸ்.எல்.பி என்ற மாநில வாரியம், 1929 முதல் இருக்கிறது. அதன் தளத்தில் எண்ணைப் போட்டால் அந்த ஆளின் ஜாதகமே வந்துவிடும். லைசென்ஸ் நடப்பில் இருந்தது, பெயரும் சரி. கொஞ்சம் கீழே போனால் ‘சி-33, பெயிண்டிங்’ என்று இருந்தது. இன்னும் கீழே, தொழிலாளர் காப்பீடு (வேலையில் ஆளுக்கு அடிபட்டால் செலவைப் பார்ப்பது) என்ற இடத்தில் ‘விலக்கு’. அதாவது தன்னிடம் வேலையாட்களே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படியென்றால் கூட வந்த அந்த இரண்டு பையன்கள் யார்?

மறுநாள் கேட்டேன். மனிதர் கோபப்படவில்லை. “எல்லாம் லைசென்ஸ்தானே சார், பிளம்பிங்குக்கு என் ஃபிரண்ட் இருக்கான்” என்றார். அவர் பொய் சொல்லவும் இல்லை. லைசென்ஸ் உண்மை, அது இந்த வேலைக்கானது இல்லை, அவ்வளவுதான்.

இங்கே வகுப்புகள் இப்படி: சாலை, பாலம் போன்றவற்றுக்கு ‘ஏ’. வீடு, கட்டடம் கட்டப் ‘பி’. தனித்தனித் தொழில்களுக்குச் ‘சி’ வரிசை: மின்சாரம் சி-10, பிளம்பிங் சி-36, கூரை சி-39, டைல்ஸ் சி-54. 2021இல் இருந்து, இருக்கிற வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு ‘பி-2’ என்று ஒன்றும் உண்டு. அதை வைத்துக்கொண்டு பாரம் தாங்கும் சுவரில் கை வைக்க முடியாது. இடித்துக் கட்டும் குளியலறைக்குக் குழாய், வயர், டைல்ஸ் எல்லாம் சேர்ந்து வருவதால் உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் ‘பி’. தன் வகுப்புக்கு வெளியே வேலை எடுப்பது விதிமீறல்.

ஊரில் நாம் வீடு கட்டினால் மேஸ்திரியிடம் யார் லைசென்ஸ் கேட்கிறோம்? அவர் கட்டிய நாலு வீட்டைப் பார்ப்போம், மாமா சொன்னார் என்று அட்வான்ஸ் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் முழுக்கத் தப்பில்லை. ஏனென்றால் இங்கே லைசென்ஸ் வாங்க, கடந்த பத்து வருடத்தில் நான்கு வருடம் அந்தத் தொழிலில் தேர்ந்த ஆளாக வேலை செய்திருக்க வேண்டும் (படிப்பைக் காட்டி மூன்று வருடம் வரை கழித்துக்கொள்ளலாம்), கைரேகை கொடுக்க வேண்டும், சட்டத்துக்கு ஒன்று தொழிலுக்கு ஒன்று எனப் பரீட்சை எழுத வேண்டும். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை. டைல்ஸ் ஒட்டிக் காட்டு என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கைத்திறன் தெரிய பழைய வேலைகளைத்தான் பார்க்க வேண்டும். லைசென்ஸ் எதற்கென்றால், நாளைக்குத் தகராறு வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு நுனி.

அந்த நுனியையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஒவ்வொரு காண்ட்ராக்டரும் 25,000 டாலருக்கு ஒரு பாண்ட், அதாவது அவரால் நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு தர ஒரு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதம், வைத்திருக்க வேண்டும். 2023க்கு முன் அது 15,000தான். ஆனால் அது உங்களுக்காக எடுத்துவைத்த பணம் இல்லை. அவரால் ஏமாந்த எல்லோரும் அதிலிருந்துதான் பங்கு கேட்பார்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. தனியாகப் பெரிய பாண்ட் போட்ட சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு. எங்கள் 14,000 டாலர் வேலைக்கு அவர் கேட்டிருக்க வேண்டியது ஆயிரம், கேட்டது ஐந்தாயிரம். அதன் பிறகும் முடிந்த வேலைக்கும் வந்து இறங்கிய பொருளுக்கும் மட்டுமே பணம்.

கட்டட வேலைக்கு வாங்கும் அனுமதியான பெர்மிட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்வார்கள்: “பெர்மிட்டை நீங்களே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள் சார், செலவு மிச்சம்.” இதைக் கேட்டால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நீங்கள் எடுத்தால் நீங்களே கட்டுபவர், வேலையாட்களுக்கு முதலாளியும் நீங்களே என்று ஆகிவிடலாம். ஏணியிலிருந்து ஒரு பையன் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில் என்று யோசித்துப் பாருங்கள்.

லைசென்ஸ் இல்லாதவரிடம் வேலை வாங்கிவிட்டுப் பணம் தராமல் விட்டுவிடலாம் என்று பார்ட்டிகளில் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சட்டம் அதற்கும் மேலே போகிறது. அவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது என்பதோடு, கொடுத்த பணத்தையே நீங்கள் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு ஆள் கையில் சிக்க வேண்டுமே! சின்ன ரிப்பேர் என்றால் கவலையில்லை. பொருளும் கூலியும் சேர்த்து 1,000 டாலருக்குக் கீழே, பெர்மிட் தேவையில்லை, தனியாளாகச் செய்கிறார் என்றால் லைசென்ஸ் வேண்டாம். 2024 வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி பில் போட்டு இதற்குள் அடக்க முடியாது.

இவ்வளவும் கலிபோர்னியாவுக்குத்தான். டெக்சஸில் இருக்கும் என் தம்பிக்கு இதையே சொல்லி அசடு வழிந்தேன். அங்கே வீடு கட்டும் பொதுக் காண்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. எலக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆகவே உங்கள் ஆளிடம் எண்ணை வாங்கி, வகுப்பு, நடப்பில் இருக்கிறதா, தொழிலாளர் காப்பீடு ஆகிய மூன்றையும் பாருங்கள். அட்டையில் உள்ள பெயரும் தளத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்பதையும்தான். கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் பொதுவாக மூன்று நாள் அவகாசம் உண்டு.

நாங்கள் கடைசியில் ‘பி’ லைசென்ஸ்காரரிடம் 17,500க்குக் கொடுத்தோம். பெர்மிட் அவரே எடுத்தார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஷவரின் வடிகாலை அடைத்து, தரை முழுக்கத் தண்ணீர் கட்டி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார்கள். நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் சமையலறைக் கூரையில் அந்த மஞ்சள் வட்டம் பாக்கி. அதற்கு அதே பெயிண்டரைத்தான் கூப்பிட்டோம். தனியாக வந்தார், ஒரே நாளில் முடித்தார். வட்டம் இருந்த இடமே இப்போது தெரியவில்லை.