ஏலத்துக்கு முந்தைய வீட்டை நாமே தேடலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் வீடு வாங்க நினைக்கிறேன். வளைகுடாவில் சேர்த்த 30 லட்சம் கையில் இருக்கிறது. கடன் கட்டாமல் ஏலத்துக்குப் போகவிருக்கும் வீடுகளின் பட்டியல், ரெஜிஸ்டர் ஆபீஸில் எடுத்தது, 15,000 ரூபாய் என்கிறார் ஒரு புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்படி ஒரு பட்டியல் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கிடையாது. தவணை தவறிய நோட்டீஸைப் பதிவு அலுவலகத்தில் பதிந்து வைப்பது அமெரிக்காவில் சில மாநிலங்களின் வழக்கம். இங்கே, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி வங்கி அனுப்பும் 60 நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்கும் ஜாமீன்தாரருக்கும்தான் போகும். வில்லங்கத்தில் ஏறாது.

வெளியே தெரிகிற தடயம் பேப்பர் விளம்பரம்தான். சொத்தைச் சுவாதீனம் எடுத்த 7 நாளுக்குள் வங்கி இரண்டு நாளிதழ்களில், ஒன்று தமிழில், சுவாதீன அறிவிப்பு போட்டாக வேண்டும். நாளிதழ்களின் நாகர்கோவில் பதிப்பை மூன்று மாதத்துக்குப் பின்னோக்கிப் புரட்டுங்கள், நூலகத்தில் கிடைக்கும். அதற்கும் முந்திய தடயம் ஒன்று உண்டு. வீடு பூட்டிக் கிடந்து, ஆள் வெளிநாட்டில் இருந்து, தபால் திரும்பி வந்தால் அந்த 13(2) நோட்டீஸையே பேப்பரில் போடுவார்கள். நம் மாவட்டத்தில் பூட்டிய வீடுகளுக்கா பஞ்சம்?

விளம்பரத்தில் பெயர், பாக்கித் தொகை, கிராமம், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பதிவுத்துறையின் tnreginet தளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை. பழைய சர்வே எண், ரீசர்வே எண் இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான்: ஒரு எண்ணில் சுத்தமாக வரும், மற்றதில் இன்னொரு அடமானம் உட்கார்ந்திருக்கும். ‘உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு’ (பத்திரத்தை வங்கியில் கொடுத்து வைத்த அடமானம்) என்ற பதிவு இருந்து, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் இல்லையென்றால் கடன் இன்னும் தீரவில்லை. கூடவே, வங்கி அடமானங்களைப் பதிந்து வைக்கும் மத்தியப் பதிவகமான செர்சாய் தளத்திலும் ஒரு தேடல் போட்டுவிடுங்கள். வட்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்த பதியாத பத்திரம் இரண்டிலும் வராது. அதற்கு அக்கம்பக்க விசாரிப்புதான்.

உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சுவாதீன அறிவிப்புக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவில். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால் சொத்தை மீட்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொதுத்துறை வங்கிகளின் ஏலத் தளமான பாங்க்நெட்டில் வருபவை அந்தக் கட்டம் தாண்டியவை. ஆனால் ஆள் வராமல் திரும்பத் திரும்ப ஏலத்துக்கு வரும் வீட்டைக் குறித்து வையுங்கள். ஏலமின்றி நேரடியாக விற்கவும் வங்கிக்கு விதி இடம் தருகிறது.

உரிமையாளரை அணுகும்போது, பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் போய்க் கடனைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு கடிதம் போதும். அவர் சம்மதித்தாலும் அட்வான்ஸை அவர் கையில் கொடுக்கக் கூடாது. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவரால் விற்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 13(13) பிரிவு. அட்வான்ஸ் மாட்டுவதே இதில்தான். நீங்கள், உரிமையாளர், வங்கி மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

விளம்பரத்தில் 18.40 லட்சம் என்றால் அது அந்தத் தேதியின் தொகை. 11% வட்டியில் மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 50,000 ஏறும். வக்கீல், விளம்பரச் செலவு வேறு. கணக்கை முடிக்கும் தொகையைத் தேதியோடு எழுதி வாங்குங்கள். விலை 27 லட்சம் என்று பேசினால், சுமார் 19 லட்சம் நேராகக் கடன் கணக்குக்கு, மீதி உரிமையாளருக்கு. 30 லட்சத்தையும் விலைக்கே பேசிவிடாதீர்கள். முத்திரைத்தாள், பதிவுச் செலவு இருக்கிறது. விற்பவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி என்றால் 50 லட்சத்துக்குக் கீழே என்றாலும் வரியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. ஆடிட்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரப்பர் விளை, தென்னந்தோப்பு கிடைக்குமா என்று தேடினால் இந்த வழி அநேகமாக உதவாது. விவசாய நிலத்தின் மேல் சர்ஃபாசி செல்லாது. வங்கி கோர்ட்டுக்கோ மதுரைக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கோதான் போக வேண்டும். மலையோரக் கிராமம் என்றால் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அனுமதி இல்லாமல் பத்திரம் பதிய மாட்டார்கள்.

பதிவு நாளில் வங்கி அதிகாரி மூலப் பத்திரங்களோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கே வரட்டும். முதலில் அடமான ரசீது ஆவணம், அடுத்த எண்ணில் உங்கள் கிரயம்.