தொட்டால் விவரம் காட்டும் மெயின்டனன்ஸ் படங்கள்: கேள்வி பதில்

கே: சார், பம்பின் பாகங்களைப் பிரித்துக் காட்டும் எஸ்விஜி (SVG, பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவம்) படம். தனியாகத் திறந்தால் எண்களில் லிங்க் வேலை செய்கிறது, வலைப்பக்கத்துக்குள் போட்டால் செத்துவிடுகிறது.

ப: படத்தைச் சேர்க்கும் ‘ஐஎம்ஜி’ (img) டேக்கில் போட்டிருப்பீர்கள். அதில் உள்ளே இருக்கும் லிங்க், ஸ்கிரிப்ட் எதுவும் இயங்காது. எஸ்விஜியின் கோட் (code) வரிகளை நேராக வலைப்பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஒட்டுங்கள். பாகப் பட்டியலின் வரியைச் சேர்த்து ஒளிர வைக்கவும் அதுவே சுலபம்.

கே: எண் வட்டம் சிறிது. ஃபிட்டர்கள் விரலுக்குச் சிக்கவில்லை.

ப: வட்டத்தைப் பெரிதாக்கினால் படம் அடைத்துப்போகும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கட்டம் ஒன்று வையுங்கள், திரையில் 44 பிக்சலுக்குக் குறையாமல். உள்நிறத்தைச் சொல்லும் ‘ஃபில்’ (fill) மதிப்பை ‘நன்’ (none) என்று கொடுத்தால் கட்டத்தின் உட்பகுதி தொடுதலை வாங்காது. ‘டிரான்ஸ்பரன்ட்’ என்று கொடுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கே: டிசைன் மாறி, கேட் (CAD, கணினி வடிவமைப்பு) மாடலிலிருந்து படத்தைத் திரும்ப எடுத்தால் ஹாட்ஸ்பாட் (தொடும் இடம்) எல்லாம் அறுந்துவிடுகிறது.

ப: மென்பொருள் தானாகக் கொடுத்த ஐடியை நம்பியதால் வந்த வினை. ஹாட்ஸ்பாட்டுகளைத் தனி லேயரில் வைத்து, ‘படம்3-ஐட்டம்12’ என்பதுபோல் நீங்களே ஐடி கொடுங்கள். பார்ட் நம்பரை ஐடியாக வைக்கவே கூடாது. 6308 பேரிங்குக்குப் பதில் 6308-2இசட் போடச் சொன்னால் பட்டியலில் ஒரு வரி மாற வேண்டுமே தவிர, படத்தைத் தொடக்கூடாது. எக்ஸ்போர்ட்டில் எழுத்து எழுத்தாகவே வருகிறதா என்றும் பாருங்கள். வெறும் கோடாக மாறினால் தேடலில் அகப்படாது.

கே: மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் மோட்டார் டெல்டாவுக்கு மாறவில்லை. இந்த ஃபால்ட்டுக்குப் படம் எப்படி இருக்க வேண்டும்?

ப: ஒரே சர்க்யூட், மூன்று நிலை: ஆஃப், ஸ்டார், டெல்டா. நிலையைத் தேர்ந்தால் அப்போது சப்ளை இருக்கவேண்டிய வயர்கள் நிறத்தோடு தடிமனும் மாறட்டும். கறுப்பு வெள்ளை பிரின்டில் நிறம் உதவாது. படத்தில் டெர்மினலைத் தொட்டால் நியூட்ரலுக்கு எதிரே வரவேண்டிய வோல்ட் தெரியட்டும். டைமர், ஸ்டார் கான்டாக்டரின் (மின்காந்த சுவிட்ச்) என்சி (காயிலில் சப்ளை இல்லாதபோது மூடியிருக்கும் தொடர்பு) 21-22, டெல்டா கான்டாக்டர் காயிலின் ஏ1 முனை என்று போகும் சர்க்யூட்டில், டைமர் நேரம் முடிந்ததும் 21-இல் 230 வோல்ட் இல்லையென்றால் டைமர் பக்கம் போங்கள். 21-இல் இருந்து 22-இல் இல்லையென்றால் ஸ்டார் கான்டாக்டர் விடவில்லை, அல்லது அந்த என்சி கெட்டுவிட்டது. ஏ1-ஏ2-இல் முழு வோல்ட் வந்தும் இழுக்கவில்லையா, காயிலோ மெக்கானிக்கல் இன்டர்லாக்கோதான் (இரண்டு கான்டாக்டரும் ஒன்றாக இழுக்காமல் தடுப்பது). 415 வோல்ட் காயில் போட்ட பேனல்களும் உண்டு. எனவே வோல்ட்டைப் படத்தில் எழுதாமல் பேனல் விவரத்திலிருந்து எடுக்கச் செய்யுங்கள். லைவ் அளவீடு என்ற எச்சரிக்கை அந்தப் பெட்டியிலேயே இருக்க வேண்டும், முதல் பக்கத்தில் அல்ல.

கே: எல்லாவற்றையும் 3டி ஆக்கலாமா?

ப: வேண்டாம். மெக்கானிக்கல் சீல் கழற்றுவதுபோல் வரிசை முக்கியமான வேலைக்கு மட்டும் போதும். அதிலும் போல்ட் மரையை நீக்கிவிட்டு ஜிஎல்டிஎஃப் (glTF, இணையத்துக்கான 3டி கோப்பு வடிவம்) ஆக்குங்கள். இல்லையென்றால் பழைய டேப்லெட் திணறும்.