வெந்தயம் கேட்ட கடிதங்கள்

கேள்வி: டீச்சர், என் அம்மா எழுபதுகளில் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். பிறகு ராமநாதபுரம் பக்கம் ஹைஸ்கூலில் வேலை. அப்போது ஊருக்கு அவர் எழுதிய இன்லண்ட் லெட்டர்களைப் பாட்டி கம்பியில் குத்தி வைத்திருந்தார். ஆசையாக எடுத்துப் படித்தால் ‘நலம், நலமறிய ஆவல்’, பரீட்சை, பணம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, இவ்வளவுதான். பாதியில் வருஷமும் இல்லை. அம்மாவைக் கேட்டால் “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்கிறார். அவர் அங்கே சந்தோஷமாக இருந்தாரா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அதே காலத்தில் மதுரை ஹாஸ்டலிலிருந்து அதே மாதிரிக் கடிதம் எழுதியவள் நான். உங்கள் பாட்டிக்குப் படிக்கத் தெரியுமா என்று முதலில் விசாரியுங்கள். என் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். எதிர் வீட்டுப் பெரியம்மா, சித்தப்பா எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டிலிருந்து வரும் பதிலையோ வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். இத்தனை பேருக்கு நடுவில் மனசில் இருப்பதை ஒரு பெண் எப்படி எழுதுவாள்?

மாதாமாதம் வயிற்றுவலியில் சுருண்டு கிடப்பேன். “வெந்தயம் தீர்ந்துவிட்டது, கொடுத்தனுப்பவும்” என்று கடைசி மடிப்பில் எழுதுவேன். அப்பா படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு மட்டும் விளங்கும். அடுத்து ஊரிலிருந்து யார் மதுரைக்கு வந்தாலும் கையில் வெந்தயப் பொட்டலம் இருக்கும், கூடவே கருப்பட்டியும். உங்கள் அம்மா திரும்பத் திரும்பக் கேட்ட சின்னச் சின்னச் சாமான்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்ல நினைத்தது அங்கேதான் இருக்கும்.

வருஷம் தெரிய, தபால் முத்திரையைப் பாருங்கள். அது அழிந்திருந்தாலும் வழி உண்டு. பின்கோடு எழுதியிருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. பி.யு.சி. (ஸ்கூல் முடித்துக் காலேஜில் படித்த ஒரு வருஷப் படிப்பு) படிப்பதாக எழுதியிருந்தால், பிளஸ் டூ வந்த 1978 வாக்கிலோ அதற்கு முன்போ எழுதியது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைத்துப் போட்ட பழைய ‘லை’, ‘னை’யை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் வந்தது. போர்டில் புது எழுத்து எழுதிய நான், ஊருக்கு எழுதும்போது ரொம்ப நாள் பழைய எழுத்தையே எழுதினேன்.

வேலைக்குப் போன பிறகு வந்த கடிதங்களைத் தனியாக அடுக்குங்கள். ‘பீஸ் கட்டப் பணம் அனுப்பவும்’ என்று எழுதிய அதே கை, ‘மணியார்டர் அனுப்பியிருக்கிறேன், தம்பிக்குச் சட்டை எடுக்கவும்’ என்று எழுதியிருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். அந்த மணியார்டர் வரியை எழுதும்போது எனக்கு எவ்வளவு நிமிர்வாக இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது.

எனக்கும் வேலை ராமநாதபுரம் பக்கம்தான். “ஊர் நல்ல ஊர், தண்ணீர் மட்டும் கொஞ்சம் உப்பு” என்று எழுதினேன். மத்தியானம் முதல் பீரியட் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு. பின்னம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கடைசி வரிசைப் பையன் பெஞ்சில் தலையைச் சாய்த்துவிடுவான். தூக்கம் என்று நினைத்து எழுப்பினால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டான். எம்.ஜி.ஆர். 1982இல் கொண்டுவந்த சத்துணவு முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். ஹைஸ்கூல் பிள்ளைகளுக்குக் கிடைக்க 1984 ஆயிற்று. பி.எட்.டில் பாடக்குறிப்பு எழுதப் பழக்கினார்களே தவிர, இதற்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ‘பிள்ளைகள் மத்தியானத்தில் சோர்ந்துவிடுகிறார்கள்’ என்று வீட்டுக்கு ஒரு வரி எழுதினேன். அப்பா பதில் போடவில்லை. ஒரு பை வறுத்த கடலையை கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தார். உங்கள் அம்மாவின் கடிதங்களிலும் இப்படி ஒரு வரி இருக்கும், தேடுங்கள்.

சந்தோஷமாக இருந்தேன் என்று என்னால் சொல்ல முடியும். கையில் என் சம்பளம், இடுப்பில் என் அறைச் சாவி. எங்கள் தெருவில் எனக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் அது வாய்க்கவில்லை. உங்கள் அம்மாவிடம் “சந்தோஷமா இருந்தீங்களா” என்று கேட்காதீர்கள், பதில் வராது. “ரூம்மேட் எந்த ஊர், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீங்க” என்று கேளுங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பழைய கடிதங்களை லேமினேட் செய்து வைக்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, காகிதமும் பாழாகும். துருப்பிடித்த கம்பியிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். ஓரம் கிழிந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அது பழுத்துக் கறையாகும். மடிப்பை விரித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். முகவரிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றையும் காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ஊற்றுப் பேனா மை தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.