வெள்ளம் வந்தால் அரசு பார்க்காதா, கோயிலும் சங்கமும் எதற்கு?

தென்னாப்பிரிக்காவில் நம் தமிழர் வாழும் டர்பன் பகுதியில் 2022 ஏப்ரல் வெள்ளம் 400 பேருக்கு மேல் கொண்டுபோனதை வைத்துக் கேட்கிறீர்கள். பணமும் வீடும் அரசு தரவேண்டியவைதான். ஆனால் முதலில் ஓடிவருவது பக்கத்து ஆள். 1917 அக்டோபரில் டர்பனின் உம்கேனி ஆறு பெருகியபோது மாரிமுத்து படவட்டனும் ஐந்து மீனவர்களும் படகில் போய் 170 பேருக்கு மேல் கரைசேர்த்தார்கள். ஆற்றின் போக்கு அவர்களுக்கு அத்துப்படி.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. உடல் கிடைக்காத வீட்டில் எப்படிக் கருமாதி செய்வது? தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடிக்கலாம் என்று பூசாரி சொல்லவேண்டும். அதுவரை அந்தத் தாய் வாய்விட்டு அழக்கூட மாட்டாள். உளவியல் ஆலோசகர் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசாரிக்குப் பிறகு வரட்டும்.

ஒன்று: கோயில் அண்டாச் சோறு பக்கத்துக் குடிசையில் இருக்கும் ஜூலு இனக் குடும்பங்களுக்கும் போகும், போகவும் வேண்டும். துக்கத்துக்கு மட்டும் அவர்களுடைய சங்கோமாவை, அதாவது குறிசொல்லும் மரபு வைத்தியரைக் கூப்பிடுங்கள், நம் தேவாரத்தை அல்ல.